வெயிலில் இருந்த இரண்டு பெட்டிகள்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. கல்லெடுத்து முடித்த பிறகு மூன்று பக்கமும் பாறைச்சுவர் நிற்க, நான்காவது பக்கம் திறந்து கிடந்த அந்தப் பள்ளத்தை ஒரு துப்பாக்கி சுடும் சங்கம் குத்தகைக்கு எடுத்துப் பயிற்சித் தளமாக மாற்றியிருந்தது. தவறிப்போகும் குண்டைப் பாறை தடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பாறை வெயிலை உறிஞ்சி, நாளெல்லாம் எங்கள் மேல் திருப்பிவிடும் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் அங்கே பொறுப்பாளராக இரண்டரை ஆண்டுகள் இருந்தேன். சமூகப்பணியில் முதுகலை முடித்தவள், துப்பாக்கிகளுக்கு நடுவே என்ன செய்கிறாய் என்று உடன் படித்தவர்கள் கேட்டார்கள். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சுட்டுப் பழகியிருந்தேன், வேறு வேலை கிடைக்கவில்லை என்பது நேர்மையான பதில். அதற்கு மேல் இன்னொரு பதிலும் என்னிடம் இருந்தது. ஐம்பது மீட்டர் தள்ளித் தொங்கும் இலக்கு அட்டைக்குச் சுடுபவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. வழக்கறிஞர் மகனும் கூலிக்காரர் மகளும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் குப்புறப் படுத்திருக்கும் இடம் எங்கள் மாவட்டத்தில் வேறெங்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதைக் காப்பதும் சமூகப்பணிதான் என்று நம்பினேன். இப்போதும் பெரும்பாலும் நம்புகிறேன்.

ஆனால் அந்தப் பாய்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நிறையும். மற்ற ஆறு நாளும் நானும் காவலாளியும்தான். அவர் ஊர்க்காவல் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய காவல் கூண்டு வாயிலருகே, இருநூறு மீட்டர் தள்ளி இருந்தது. காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம். இடையில் நான் பேசுவதற்கு இருந்தவை ஆயுத அறையும் அதன் சுவரில் தொங்கிய வெப்பமானியும்தான். மாலையில் ஸ்கூட்டியில் திண்டிவனம் திரும்பி, மாடியில் இருந்த வாடகை அறையைத் திறந்தால், காலையில் நான் விட்டுப்போன தம்ளர் விட்ட இடத்திலேயே இருக்கும். முகையூர்ப் பக்கம் இருந்த அம்மா போனில் "சாப்ட்டியா" என்று கேட்பாள். "ம்" என்பேன். அந்த ஒற்றை எழுத்து சில நாட்களில் நான் பேசிய மிக நீண்ட பேச்சாக இருந்திருக்கிறது.

வெப்பமானியோடு பேசினேன் என்பது மிகையல்ல. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து சூடேறினால் வேகமாக எரியும். குண்டு குறிக்கு மேலே போய் விழும். குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு இளகினால் ஒன்று வழுக்கும், அடுத்தது பிசுபிசுக்கும். நெடுநாள் சூட்டில் கிடந்தால் மருந்தே கெட்டு, விசையை அழுத்திய பிறகும் வெடிக்காமல் நிற்கலாம். அல்லது ஒரு நொடி தாமதித்து வெடிக்கலாம். அந்தத் தாமதம்தான் பயங்கரமானது. "வெடிக்கலையே" என்று துப்பாக்கியைத் திறப்பவரின் முகத்துக்கு நேரே அது நிகழக்கூடும்.

ஆகவே அறையின் வெப்பத்தை நாளுக்கு இரண்டு முறை எழுதினேன். நாளின் உச்ச வெப்பத்தையும் காட்டி நிறுத்தும் வெப்பமானி அது. நான் மாலை ஐந்தரைக்கு எழுதிய அளவைவிட மறுநாள் காலை அது காட்டிய உச்சம் எப்போதும் மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருந்தது. காரணம் புரியாமல் ஒரு நாள் ஏழரை வரை காத்திருந்தேன். வெளியே காற்று குளிர்ந்துகொண்டிருக்க, அறைக்குள் முள் ஏறிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் மொட்டை மாடியும் மேற்குச் சுவரும் குடித்த வெயிலை, நாங்கள் பூட்டிக்கொண்டு போன பிறகு உள்ளே கொட்டுகின்றன என்று அன்றுதான் தெரிந்தது. மறுவாரம் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தேன். இரும்பு பீரோவை மேற்குச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரப்பலகையின் மேல் நிறுத்தினேன். மேல் தட்டுகளைக் காலியாக விட்டுத் தோட்டாக்களை எல்லாம் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன்.

சங்கத்தின் செயலாளர் அரிசி ஆலை வைத்திருப்பவர். என் அக்கறையைப் பார்த்து ஒரு நாள் போனில் சொன்னார்: "எங்க மில்லுல பழைய பிரிட்ஜ் ஒண்ணு சும்மா கெடக்குதும்மா. அனுப்பி வெக்கட்டா? உள்ள போட்டு மூடிடு, பேஜாரு உட்டுது."

"வேண்டாங்க சார். குளிர்ல இருந்து வெளிய எடுத்தா வேர்த்துடும். சூட்டவிட ஈரம் மோசம்."

"தோட்டா வேர்க்குமா?"

"நம்மள மாதிரிதாங்க சார்."

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அன்று முழுதும் அந்தச் சிரிப்பு எனக்குத் துணையாக இருந்தது என்று சொன்னால், அப்போது நான் இருந்த நிலை விளங்கும்.

ஞாயிறுதோறும் வருபவர்களில் என் வயதுடைய ஒருத்தி இருந்தாள். பிரம்மதேசத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியும் களை எடுத்தும் வாழ்பவர்கள். அவள் ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை பார்த்தாள். ஆறு நாள் தையல் எந்திரம், ஏழாம் நாள் சங்கத்தின் துப்பாக்கி. எந்திரத்துக்கு முன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, பாயில் படுத்துவிட்டால் அவள் மூச்சு விடுவதே தெரியாது. அங்கே வந்த பெண்கள் நாங்கள் இருவர்தான். அவள் மற்றவர்கள் முன்னால் என்னை "மேடம்" என்பாள். யாரும் இல்லாதபோதும் "மேடம்"தான், ஆனால் அதில் கேலி இருக்கும்.

ஒரே நாளில், ஒரே கலவையில் செய்யப்பட்ட தோட்டாக்களுக்கு ஆலை ஒரே எண் கொடுக்கும். அதை லாட் என்போம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு லாட் ஒத்துப்போகும், இன்னொன்று ஒத்துப்போகாது. காரணம் யாருக்கும் தெரியாது. அவள் சுடும் துப்பாக்கிக்குப் பொருந்திய லாட்டில் இரண்டு பெட்டிகள் மிச்சமிருந்தன. ஒன்றில் ஐம்பது, மொத்தம் நூறு. தகுதிச் சுற்றுக்கென்று அவற்றைத் தனியே எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கீழ்த்தட்டின் மூலையில் வைத்திருந்தேன். மார்கழியில் வைத்ததை வைகாசி வரை காக்க வேண்டியிருந்தது.

வாரந்தோறும் வந்ததும் அவள் கேட்பாள்: "இன்னா மேடம், புள்ளைங்க தூங்குதுங்களா?"

"நல்லா தூங்குது. முப்பத்திமூணு டிகிரி."

"அடேங்கப்பா! எங்க வூட்ல சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழ நாங்களே நாப்பதுல தூங்குறோம். அதுங்களுக்கு வந்த வாழ்வப் பாரு. அடுத்த ஜென்மத்துல தோட்டாவா பொறந்துட்றேன்."

"பொறந்தா உன்ன வெச்சி சுட்ருவாங்களே."

"இப்ப மட்டும் இன்னாவாம்?" என்பாள்.

தகுதிச் சுற்று அவளுக்கு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அறுபது குண்டு, அறுநூறு மதிப்பெண். அதில் ஐந்நூற்று எழுபத்தைந்து எடுத்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலப் போட்டியில் ஓர் இடம் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த ஆண்டு அவளுக்கு அந்த வேலைக்கான வயது கடந்துவிடும். ஆகவே இது ஒன்றுதான் வாய்ப்பு. அந்த லாட்டில் பயிற்சியின்போது அவள் ஐந்நூற்று எண்பதுக்குக் குறைந்ததில்லை.

சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. சனிக்கிழமை படையல் போட வேண்டும் என்று காவலாளி சொன்னார். குவாரியின் வாயிலருகே, வேப்பமரத்துக்கு மேற்கே சற்றுத் தள்ளி, யாரோ எப்போதோ நட்ட கல் ஒன்று உண்டு. அவர் அதற்குத் தினமும் குங்குமம் வைப்பவர்.

"ஆயுதத்த எட்தாந்து அம்மன் முன்னால வெக்காம போட்டிக்குப் போறதா? என்ன மேடம் நீங்க! அது கேக்காதா, என்ன கண்டுக்கலியேன்னு?"

விடுப்பு போட்டுவிட்டு அவளும் வந்திருந்தாள். சட்டியில் சர்க்கரைப் பொங்கல், ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை. என்னைப் பார்த்து, "ஒத்துக்குங்க மேடம். எங்கம்மா காலைல நாலு மணிக்கு எழுந்து பொங்கி வெச்சிருக்குது," என்றாள்.

யோசித்தேன். துப்பாக்கி வெளியே வரலாம், நான் கூடவே இருக்கிறேன், தவறில்லை. தோட்டா? தளத்தின் எல்லையைத் தாண்டவில்லை. என் பார்வையில்தான் இருக்கும். இரண்டு பெட்டிகளையும் பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்தார் காவலாளி. குத்துவிளக்கை அதன் பக்கத்தில் நகர்த்தப் போனவரைத் தடுத்தேன்.

"விளக்கு அங்கயே இருக்கட்டுங்க. நாலு அடி தள்ளி."

"சாமிக்கும் சட்டமா?" என்றார். ஆனால் நகர்த்தினார்.

கற்பூரம் காட்டினார். தேங்காய் உடைத்தார். எலுமிச்சையைத் துப்பாக்கியின் முனைக்குக் கீழே வைத்து நசுக்கினார். துப்பாக்கியை நானே கொண்டுபோய் அறையில் பூட்டினேன். திரும்பி வந்து தாம்பாளத்தைத் தூக்கக் குனிந்தபோது அவர் கையை நீட்டி மறித்தார்.

"விளக்கு மலையேறட்டும் மேடம். தானா அணையிற வரைக்கும் படையலத் தொடக் கூடாது. ஜல்தி பண்ணா அம்மன் கோவிச்சிக்கும். நெழல்லதான இருக்குது?"

நிழலில்தான் இருந்தது. மணி பத்து. வேம்பின் நிழல் கல்லையும் தாம்பாளத்தையும் மூடிக் கிடந்தது.

கூண்டுக்குப் பின்புறத் தாழ்வாரத்தில் மூவரும் இலை போட்டு உட்கார்ந்தோம். அங்கிருந்து மரம் தெரியாது. அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவள் பொங்கலை அள்ளி என் இலையில் வைத்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாள். காவலாளி தன் பணிக்காலக் கதை ஒன்றைச் சொன்னார்: தேரோட்டத்தில் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தப் போனவர், தேருக்கு முன்னாலேயே கூட்டத்தோடு அடுத்த தெரு வரை இழுத்துச் செல்லப்பட்ட கதை. அவள் மல்லாட்டைத் தோலை அவர் மேல் விட்டெறிந்து சிரித்தாள். என்னைப் பார்த்து, "மேடம் சிரிக்கிறாங்க பாருங்க, இன்னிக்கு மழ வரும்," என்றாள். அங்கே சேர்ந்த பிறகு இன்னொருவரோடு ஒரே நேரத்தில் ஒரே உணவை நான் உண்டது அதுதான் முதல் முறை. எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மேல் நான் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டரைக்கு அவள் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பினாள். வாயில் வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான் மரத்தைப் பார்த்தேன். நிழல் கல்லை விட்டு மறுபக்கம் போய்விட்டிருந்தது. விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. தாம்பாளத்தின் மேல் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நெருப்பைக் காவல் காத்த நான் வெயிலைக் காவல் காக்கவில்லை.

தாம்பாளத்தின் விளிம்பைத் தொட்டதும் விரல் சுட்டது. துப்பட்டாவால் பிடித்துப் பெட்டிகளை எடுத்தேன். அடிப்பக்க அட்டையில் எண்ணெய்க் கறை போல ஆறேழு புள்ளிகள்: மெழுகு இளகி ஊறியிருந்தது. ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா தெரியாது. ஐந்து மாதம் டிகிரி டிகிரியாகக் காத்ததை ஒரு வயிறு நிறையும் நேரத்தில் இழந்திருந்தேன்.

காவலாளி பின்னால் வந்து நின்றார். அவர் முகமும் மாறிவிட்டது.

"ஒன்னும் ஆவாது மேடம். ஆறவெச்சா சரியாப் பூடும்."

"மெழுகு உருகிடுச்சிங்க."

"மெழுகுதான? மருந்து உள்ளதான இருக்குது." பிறகு தாழ்ந்த குரலில், "அந்தப் பொண்ணு காதுல போட்றாதீங்க. நாளைக்கு சுடப்போற கையி. மனசு ஒடஞ்சிதுன்னா நல்ல தோட்டாவும் ஓடாது, கெட்ட தோட்டாவும் ஓடாது," என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிழலில் வைத்துப் பெட்டிகள் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். ஆறிய பிறகு திறந்து பார்த்தேன். மேல் வரிசையில் மெழுகு பழையபடி மங்கலாக இருந்தது. தாம்பாளத்தைத் தொட்ட அடி வரிசையில் சில குண்டுகள் பளபளத்தன. ஒரே பெட்டிக்குள் இரண்டு விதம் ஆகிவிட்டது. எது எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. செயலாளரை அழைத்தேன். நெல் வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே பேசினார்.

"நீதாம்மா அங்க பொறுப்பு. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம். நான் என்னத்த சொல்றது?"

மாலை அறைக்குத் திரும்பி ஜன்னலருகே உட்கார்ந்து விளைவுகளை எண்ணினேன். சொல்லாமல் விட்டால், பெரும்பாலும் ஒன்றும் நேராது. அவள் தெளிந்த மனத்தோடு சுடுவாள். பெரும்பாலும் என்ற சொல்லுக்கு வெளியே மிஞ்சுவது ஒரு குண்டு மேலே போய் விழுவது, அல்லது அவள் கன்னம் துப்பாக்கியில் பதிந்திருக்கும்போது தாமதித்து வெடிப்பது. சொல்லிவிட்டுத் தேர்வை அவளிடமே விடலாம். அது மரியாதையாகத் தோன்றியது. ஆனால் அவள் அந்தத் தோட்டாக்களைத்தான் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்டு, சுட்டு, தோற்றால், என் தவறின் பொறுப்பையும் அவளே சுமப்பாள். மூன்றாவது வழி, நானே அவற்றை விலக்கிவிடுவது. வேறு லாட்டில் அவளுக்கு ஐந்நூற்று எழுபதைத் தாண்டுவதே பாடு. ஆனால் பழி என்னோடு நிற்கும். இருட்டும் முன்பே முடிவுக்கு வந்துவிட்டேன். கலந்து பேச யாராவது இருந்திருந்தால் அவ்வளவு விரைவாக வந்திருப்பேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

காலை ஆறரைக்கு அவள் வந்தாள். தலையில் பூ. வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இன்னா மேடம், புள்ளைங்க தூங்குதுங்களா?"

சொன்னேன். நிழல் நகர்ந்ததை, தாம்பாளத்தை, மெழுகை, எல்லாவற்றையும். முழுவதும் என் கவனக்குறைவு என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

"பரவால்ல. குடுங்க. நான் பாத்துக்குறேன்."

"தர முடியாது. விலக்கி வெச்சாச்சு."

"வெளையாட்றீங்களா?"

"இல்ல."

"என் லாட்டுங்க அது."

"தெரியும்."

"அப்ப எதுக்கு என்கிட்ட சொன்னீங்க? குடுக்க மாட்டேன்னா சும்மா வேற ஒன்ன எடுத்துக் குடுத்திருக்கலாமே? தெரியாமயாச்சும் சுட்டிருப்பேன்."

அந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன் என்று உடனே நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை.

சுற்றைக் கண்காணிக்க வெளியூரிலிருந்து வந்திருந்த பார்வையாளர் மணியைப் பார்த்தார். மாற்று லாட்டில் இரண்டு பெட்டிகளை எடுத்து, வெள்ளைத் துண்டால் மூடி, அவள் பாயின் நிழற்பக்கம் வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முதல் இருபது குண்டு தடுமாறியது. அதன் பிறகு அவள் மூச்சு அடங்கியது. கடைசி இருபதில் ஒன்றுகூட நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் வட்டத்தைவிட்டுப் பெரிதாக விலகவில்லை. அந்த லாட்டில் அவளால் அவ்வளவு முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பார்வையாளர் அட்டைகளை இருமுறை கூட்டினார். ஐந்நூற்று எழுபத்து மூன்று.

அவள் எழுந்து பாயைச் சுருட்டினாள். யாரும் சொல்லாமலே தன் இடத்தைக் கூட்டி, சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் குப்பிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். வாயிலில் காவலாளி ஏதோ சொன்னார், அவருக்குத் தலையசைத்தாள். எனக்கு அதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவள் வரவில்லை. இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. காவலாளியும் மாறிவிட்டார். கோபம் இல்லை. என்னைக் கண்டால் எழுந்து நின்றார். முன்பு அப்படி நிற்பவர் அல்ல. அந்த மரியாதை அவருக்கும் எனக்கும் நடுவே இருந்த இருநூறு மீட்டரை இன்னும் நீட்டிவிட்டது. வெப்பமானியின் அளவை மட்டும் தவறாமல் எழுதினேன். அதில் முன்போல எனக்கு அக்கறை இல்லை என்பதை எழுத்து காட்டவில்லை.

விலக்கிய பெட்டிகளை என்ன செய்வது என்று செயலாளருக்கு எழுதிக் கேட்டேன். முறைப்படி இருபதைச் சோதித்துப் பார், சரியாக இருந்தால் மிச்சத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள் என்று பதில் வந்தது. ஒரு புதன்கிழமை, தளத்தில் வேறு யாரும் இல்லாதபோது, அவள் சுட்ட அதே துப்பாக்கியை மணல்மூட்டையில் இறுக்கி வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மிகவும் பளபளத்த அடிவரிசைத் தோட்டாக்களாகப் பார்த்து எடுத்து, இரண்டு அட்டைகளில் பத்துப் பத்தாகச் சுட்டேன். ஒன்றும் தாமதிக்கவில்லை. ஒன்றும் வெடிக்காமல் நிற்கவில்லை. போய் அட்டைகளைக் கழற்றினேன். ஒவ்வொன்றிலும் பத்துத் துளைகளை என் கட்டைவிரலால் மூடிவிட முடிந்தது.

பாறைச்சுவரின் அனலில் அவற்றைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன். இருபது சரியாகப் போனதால் எண்பதும் போகும் என்று ஆகாது. அதை நான் அறிவேன். தெரிந்த அளவில் நான் செய்தது சரி என்பதையும் அறிவேன். இரண்டையும் சேர்த்துக் கூட்டினாலும் அவளுக்குக் குறைந்த அந்த இரண்டு மதிப்பெண் வரவில்லை. இதை அவளிடம் சொல்வதா என்றும் யோசித்தேன். முதல் உண்மை அவள் அறிந்தாக வேண்டியது. இது என் பாரத்தை இறக்கிக்கொள்வதற்கு மட்டுமே உதவும். சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் அவளே வந்தாள். சங்கத்துக்குச் சொந்தமான சுடும் சட்டையைத் துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தாள். பொத்தான் ஒன்று மாற்றப்பட்டிருந்தது.

"ஓசூர் பக்கம் கம்பெனில எடுத்துக்கினாங்க. ஹாஸ்டல் குடுக்குறாங்க. திங்கக்கெழம போறேன். இத குடுத்துட்டுப் போலான்னு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஆயுத அறையின் வாசலில் சாய்ந்து உள்ளே பார்த்தாள்.

"அந்த ரெண்டு பெட்டிய இன்னா பண்ணீங்க?"

"சோதிச்சுப் பார்த்தேன்."

"எப்டி?"

நான் எடுத்திருந்த முடிவு, அவள் கேட்கமாட்டாள் என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. நேராகக் கேட்பவளிடம் பொய் சொல்லும் வழி அதில் இல்லை.

"நல்லா போச்சு," என்றேன். "ரொம்ப நல்லா போச்சு."

அவள் சிரித்தாள். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. காற்று மட்டும் வெளியேறிய சிரிப்பு.

"உன் இஷ்டம்னு உட்டிருந்தீங்கன்னா அதத்தான் எடுத்திருப்பேன். தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் கேக்காம உட்டீங்களா?"

"ஆமா."

"எங்கப்பா எங்கக்காவுக்கு மாப்ள பாத்தப்பகூட இப்டிதான். கேட்டா அவ வேணான்னு சொல்லுவான்னு தெரிஞ்சி கேக்கவே இல்ல. அவரும் நல்லவருதான்," என்றாள். பிறகு, "மீதி இருக்குதா?" என்றாள்.

"எண்பது."

"பத்து குடுங்க."

கொடுத்தேன். மதிய வெயில். சுடுமிடத்தின் கூரைத் தகரம் முறுக்கிக்கொண்டு சத்தமிட்டது; அதன் விளிம்பைத் தாண்டிப் பாயோரம் வெயில் விழுந்தது. மடித்த சட்டையை விரித்து மாட்டிக்கொண்டு படுத்தாள். நான் இலக்கு அட்டையை மாட்டிவிட்டு வந்து பின்னால் நின்றேன். தோட்டாக்கள் மேல் வெயில் படாமல் என் நிழல் விழும்படி கொஞ்சம் நகர்ந்தேன். அவள் கவனித்தாள். பத்தையும் அவசரமில்லாமல் சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே பாறையில் எதிரொலி அடங்கும்வரை காத்திருந்தாள். முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து காட்டி, காலியாக இருப்பதை நான் பார்த்த பிறகு எழுந்தாள். வழக்கம்போல அட்டையை எடுக்க நான் நடக்கப்போனபோது, "மேடம்," என்றாள்.

நின்றேன்.

"எண்ணாதீங்க."

சட்டையைக் கழற்றி மறுபடி மடித்து மேசை மேல் வைத்தாள். "வரட்டுங்களா," என்றாள். வெயிலில் வாயிலை நோக்கி நடந்தாள். காவலாளி தன் டிவிஎஸ் வண்டியில் அவளை நெடுஞ்சாலை வரை கொண்டுபோய் விட்டார். வண்டியின் சத்தம் தேய்ந்த பிறகும் அட்டை ஐம்பது மீட்டர் தள்ளிக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பூட்டும் நேரம் வந்தபோது போய் எடுத்தேன். பின்பக்கமாகக் கழற்றி, பார்க்காமல் இரண்டாக மடித்தேன். தளத்தின் பதிவேட்டில், அன்று வழங்கிய தோட்டாக்களுக்கு எதிரே மதிப்பெண் எழுத ஒரு கட்டம் உண்டு. பத்து என்று தோட்டாக் கணக்கை எழுதினேன். அடுத்த கட்டத்தை வெறுமையாக விட்டேன். அந்த வேலையை விட்டு வந்தபோது பதிவேட்டைச் சரிபார்த்தவர் அதைக் கவனிக்கவில்லை. அட்டை என்னிடம் இருக்கிறது, மடித்தபடியே.